நாரை வாயிலிருந்த சொல்

அந்தக் காலத்தில் நாரைக்கு அலகு இறுக மூடும். குரலும் கணீரென்று இருக்கும். ஏரிக்கரைச் சேற்றில், பாக்குவெட்டியைப் போல நடுவில் இடைவெளி விட்ட அலகோடு நிற்கிறதே நத்தைகுத்தி நாரை, அதைத்தான் சொல்கிறேன். அன்று அதற்கு ஒரு வேலை இருந்தது. அது இல்லாவிட்டால் ஊர் நடக்காது, ஆனால் அது வாசலுக்கு வருவதை ஒருவரும் விரும்ப மாட்டார்கள். அப்படிப்பட்ட வேலை.

அல்லிவாரி என்று ஒரு பெரிய ஏரி. அதன் கரையில் குடியிருந்தவர்கள் அல்லிவாரிக்காரர்கள். கோரை அறுப்பார்கள், பாய் முடைவார்கள், மீன் பிடிப்பார்கள், மிச்ச நேரத்தில் பேசுவார்கள். பேச்சென்றால் பூசி மெழுகாத பேச்சு. குண்டானவனைக் குண்டன் என்பார்கள். சோறு குழைந்திருந்தால் ஆக்கினவளின் முகத்தைப் பார்த்தே குழைந்துவிட்டது என்பார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லிவிட்டு, போட்ட சாப்பாட்டையும் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு வருவார்கள்.

நம்மைப் போல இல்லை. நம் ஊரில் ஒருவர் செத்துப்போனால் அதைச் சொல்ல எத்தனை வார்த்தை வைத்திருக்கிறோம்! காலமானார் என்கிறோம், தவறிவிட்டார் என்கிறோம், சாமிகிட்டே போய்ச் சேர்ந்தார் என்கிறோம், பிடிக்காதவன் என்றால் மண்டையைப் போட்டான் என்கிறோம். அல்லிவாரிக்காரர்களுக்கு அதற்கு ஒரே ஒரு சொல்தான் இருந்தது. அதுவும் அவர்கள் வாயில் இல்லை, நாரையின் வாயில் இருந்தது.

என்ன சொல் அது என்று என்னைக் கேட்காதீர்கள். ஏன் கேட்கக் கூடாது என்பதுதான் கதை.

அங்கே ஒருவருக்கு மூச்சு நின்றால் உடனே எல்லாம் முடிந்துவிடாது. சிறிது நேரம் கழித்து அவர் எழுந்து போய் வாசல் தூணில் சாய்ந்து உட்கார்ந்துகொள்வார். வீட்டில் உள்ளவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, சொல்ல வேண்டியது ஏதாவது இருந்தால் சொல்லுவார்கள். அதற்குள் நாரை வந்துவிடும். அலகுக்குள் அந்தச் சொல்லை வைத்திருக்கும். அவரைக்கொட்டை அளவுதான் இருக்குமாம், கறுப்பாக, ஈரமாக. நாரை குனிந்து அதை அவர் காதருகே வைத்து, உரக்க ஒரு தரம் சொல்லும். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு எழுந்து, கரையிறங்கி, ஏரித் தண்ணீர் மேல் நடந்து மேற்கே போய்விடுவார். நாரை சொல்லைத் திரும்ப அலகுக்குள் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டு வேலையைப் பார்க்கப் போகும்.

இதில் யாருக்கும் ஒரு குறையும் இருந்ததில்லை. சேந்தி வீட்டு முறை வரும்வரை.

சேந்தி பாய் முடைகிறவள். அவள் புருஷன் வலங்கன் கோரை அறுக்கிறவன். பிள்ளை கிடையாது. அதனாலோ என்னவோ இரண்டு பேருக்கும் பேச்சுத் துணை இரண்டு பேர்தான். பகலெல்லாம் ஏரிக்குள் தோணியில் கிடந்துவிட்டு வருகிறவன், சாப்பிட உட்கார்ந்ததும் ஏதாவது ஒரு கதையை எடுத்துவிடுவான். அவனுக்குக் கதை சொல்லவே வராது. கதையின் முடிவை நினைத்து முன்கூட்டியே சிரித்துவிடுவான். சிரிப்பு வந்தால் பேச்சு வராது, கண்ணில் தண்ணீர் வரும், சோறு புரையேறும். அவள் அவன் தலையில் தட்டி, "முழுசா சொல்லிட்டுச் சிரிச்சா என்னய்யா" என்பாள். கதை என்னவென்றே தெரியாமல் அவளும் சிரிப்பாள். இப்படியே ஒரு வாழ்க்கையை ஓட்டினார்கள்.

ஒருநாள் காலையில் தோணியை அவிழ்த்துக்கொண்டே, "எதிர்க்கரைச் சந்தையில ஒருத்தன் எருமை வித்தான் பாரு..." என்று ஆரம்பித்தான். ஆரம்பித்ததுமே சிரிப்பு வந்துவிட்டது.

"வித்தான். அப்புறம்?"

"வந்து சொல்றேன் புள்ள. இப்ப சொன்னா துடுப்புப் போட முடியாது."

சிரித்துக்கொண்டே போனான். நடுப்பகலுக்கு முன்னால் கோரைக்குள் பாம்பு கொத்திவிட்டது. கூட அறுத்தவர்கள் தூக்கிக்கொண்டு வந்து வாசலில் கிடத்தினார்கள். பச்சிலை அரைத்துக்கொண்டிருக்கும்போதே மூச்சு நின்றது. கொஞ்ச நேரத்தில் எழுந்து தூணில் சாய்ந்து உட்கார்ந்தான்.

சேந்தி அவன் எதிரில் உட்கார்ந்தாள். கைகளில் பச்சிலைச் சாறு அப்படியே இருந்தது. இவனிடம் எதைக் கேட்பது, எதைச் சொல்வது என்று யோசிப்பதற்குள் சிறகடிக்கும் சத்தம் கேட்டது. நாரை அன்றைக்கென்று பக்கத்து வரப்பில்தான் நின்றிருந்ததாம்.

"நாரை அண்ணே, கொஞ்சம் இரு" என்றாள் சேந்தி. "காலையில ஒரு விஷயத்தைப் பாதியில விட்டுட்டுப் போனாரு. அதைக் கேட்டுக்கிறேன்."

நாரை கெட்ட பறவை இல்லை. அலுத்துப்போன பறவை. சொல்லை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு பேசியது. "எந்த வீட்டுக்குப் போனாலும் ஏதோ ஒண்ணு பாதியிலதான் தாயி நிக்குது. நான் இருந்தேன்னா இருந்துக்கிட்டே இருக்கணும்."

"ஒரே ஒரு நாள்."

"நாளைக்கு வந்தா நாளன்னைக்குன்னு சொல்லுவ. நானும் பார்த்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

"மீன் வச்சிருக்கேன். விரால். சாப்பிட்டுட்டு இரு, அதுக்குள்ள கேட்டுடறேன்."

"வேலை நேரத்துல சாப்பிடறதில்லை" என்று சொல்லிவிட்டு நாரை வலங்கனின் காதருகே குனிந்தது.

சேந்திக்கு அப்போது என்ன வந்ததோ தெரியாது. பாய் முடைந்து முடைந்து காய்த்துப்போன கை. அந்தக் கையால் நாரையின் அலகைப் பிடித்து, மேலே ஒன்று கீழே ஒன்றாகப் பிளந்து, விரலை உள்ளே விட்டு அந்தச் சொல்லைப் பிடுங்கினாள். அலகு நடுவில் வளைந்துபோனது. சொல் உள்ளங்கையில் பனிக்காலத்துத் தண்ணீர் போலச் சில்லென்று இருந்தது. அதை வைத்துக்கொண்டிருக்க அவளுக்குப் பயமாக இருந்தது. ஓடிப்போய், கை வலிக்கும் மட்டும் வீசி ஏரியில் எறிந்தாள்.

நாரை கத்துவதற்கு வாயைத் திறந்தது. குரல் வரவில்லை. அலகுகள் ஒன்றோடொன்று மோதி டக் டக் என்று சத்தம்தான் வந்தது. அது சேந்தியை ஒருமுறை பார்த்துவிட்டு, சொல் விழுந்த திசையில் பறந்து போனது.

திரும்பி வந்தால் வலங்கன் அங்கேயேதான் உட்கார்ந்திருந்தான். சேந்தி அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். வெகு நாள் கழித்து வீடு திரும்பியவனைப் பார்த்தது போல அழுதாள்.

செய்தி ஊரெல்லாம் பரவியது. முதலில் கொஞ்சம் பயந்தார்கள். பிறகு யோசித்துப் பார்த்தார்கள். இனி நாரை வராது என்றால் யாரையும் அனுப்ப வேண்டியதில்லையே. வயதானவர்கள் நிம்மதியாகக் காலை நீட்டிப் படுத்தார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் சேந்தியை நிறுத்தி, நல்ல காரியம் செய்தாய் என்றார்கள். அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

வலங்கனை அவள் விருந்தாளியைப் போல வைத்துக்கொண்டாள். ஒரு துரும்பை நகர்த்த விடவில்லை. அவன் லேசாக அசைந்தால்கூட, "நீ உட்காருய்யா, நான் பார்த்துக்கறேன்" என்பாள். வீட்டிலேயே நல்ல பாய் எதுவோ அதை அவனுக்குப் போட்டாள். தட்டில் சோறு வைத்தாள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"அந்த எருமைக் கதையைச் சொல்லு" என்றாள்.

சொன்னான். "எதிர்க்கரைச் சந்தையில ஒருத்தன் எருமை வித்தான். வாங்கினவன் அவனோட பக்கத்து வீட்டுக்காரன். வித்தவனுக்கு வீட்டுக்கு நடக்கச் சோம்பல். அதனால அந்த எருமை மேலயே ஏறி உட்கார்ந்துக்கிட்டு வந்தான். வாங்கினவன் கயித்தைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நடந்து வந்தான்."

அவ்வளவுதான் கதை. முதல்முறையாக அவள் புருஷன் ஒரு கதையை முழுதாகச் சொல்லி முடித்தான். நடுவில் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை. சேந்தி அடுப்படிக்குப் போய்ப் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அதற்குப் பிறகு நாட்கள் போயின. அவன் கேட்டதற்குப் பதில் சொல்வான். கேட்காததை ஒன்றும் சொல்ல மாட்டான். கையைத் தொட்டால் ஊறிய கோரை போல இருக்கும். எந்தப் பக்கம் பார்க்க உட்கார வைத்தாலும் கொஞ்ச நேரத்தில் முகம் ஏரிப் பக்கம் திரும்பிவிடும். சேந்தி தன்னிடம் இருந்த பேச்சையெல்லாம் அவனிடம் பேசித் தீர்த்தாள். பழையதையெல்லாம் கிளறினாள், கல்யாணத்தன்று மழை பெய்ததிலிருந்து. எல்லாவற்றுக்கும் "ஆமா புள்ள" என்றான். புதிதாக அவனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. ஏரிக்குப் போகாதவனுக்கு எங்கிருந்து கதை வரும்?

அவன் ஏரிக்குள் போயிருந்த பகல்களில் அவள் இவ்வளவு ஏங்கியதில்லை. அப்போது பொழுது சாய்ந்தால் வந்துவிடுவான் என்று தெரியும். இப்போது எட்டித் தொடுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறான், எப்போது வருவான் என்று தெரியவில்லை. சில நாள் மத்தியானத்தில், கையில் இருக்கும் பாயைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு வந்து தோணி வருகிறதா என்று பார்ப்பாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் தூணோரம் அவன் உட்கார்ந்திருப்பது நினைவுக்கு வரும். யாரைத் தேடுகிறோம் என்று அவளுக்கே வெட்கமாக இருக்கும். ஆனாலும் மறுநாளும் வந்து பார்ப்பாள்.

ஊரிலும் இதே கதைதான். மூச்சு நின்றவர்கள் எழுந்து வந்து வாசலில் உட்கார்ந்தார்கள். எழுந்து போவதற்கு வழியில்லை. வீட்டுக்காரர்கள் அவர்களைத் தாங்கு தாங்கென்று தாங்கினார்கள். எந்த வாசலுக்குப் போனாலும் ஒருவர் ஏரியைப் பார்த்தபடி இருந்தார். நல்ல காரியம் செய்தாய் என்று சொல்வதை ஊர் மெல்ல மெல்ல நிறுத்திக்கொண்டது.

இரண்டு வீடு தள்ளி வேம்பி என்று ஒருத்தி இருந்தாள். அவள் மகள் பொட்டு. சின்னப் பெண், பால்பல் விழ ஆரம்பித்திருந்த வயது. மழைக்கு முன்னால் வந்த காய்ச்சலில் பொட்டுக்கும் மூச்சு நின்றது. வேம்பி அப்போது சேந்தியின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீ மட்டும் அன்னைக்கு அப்படிச் செய்யலைன்னா என் பொண்ணு போயிருப்பாக்கா" என்றாள்.

அதே வேம்பி ஒருநாள் காலையில் வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை.

"பொட்டு விளையாட மாட்டேங்கறாக்கா."

சேந்தி கையிலிருந்த கோரையைக் கீழே வைத்தாள்.

"பிள்ளைங்க எல்லாம் எங்க வாசல்லயே வந்து விளையாடுதுங்க. இவ பார்த்துக்கிட்டே உட்கார்ந்திருக்கா. வான்னு கூப்பிட்டா எழுந்திரிக்க மாட்டேங்கறா. போன்னு சொல்ல எனக்கு வாய் வரல. என் வாயில இருந்து எப்படிக்கா வரும்? அதுக்குத்தான் நாரைன்னு ஒண்ணு இருந்துச்சு. அந்த ஒரு சொல் இருந்துச்சு. நீ அதைத் தூக்கி எறிஞ்சுட்டே."

"நீயும்தானே சந்தோஷப்பட்ட."

"பட்டேன். இப்ப கேக்கறேன். எங்க எறிஞ்சியோ அங்க போயி எடுத்துட்டு வா."

அல்லிவாரிக்காரி இல்லையா, மனதில் இருந்ததை அப்படியே கொட்டிவிட்டுப் போனாள். சேந்தி வலங்கனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவளுக்கும் தெரியும். எப்போதோ தெரிந்துவிட்டது. தெரியாதது போல இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும் என்று இருந்தாள். புடவையை முழங்காலுக்கு மேல் சொருகிக்கொண்டு ஏரியில் இறங்கினாள்.

சொல் விழுந்த இடத்தில் நாரை நின்றுகொண்டிருந்தது. அன்றிலிருந்து அது கரையேறவே இல்லை போல, இறகெல்லாம் சேறு. சேந்தியைப் பார்த்ததும் அலகைத் தட்டியது. திட்டியதா, அழுததா தெரியவில்லை. பிறகு குனிந்து தண்ணீருக்குள்ளிருந்து ஒரு நத்தையை எடுத்து, வளைந்த அலகால் நெம்பித் திறந்து உள்ளே பார்த்தது. பசிக்கு அதைத் தின்றுவிட்டு அடுத்ததை எடுத்தது. சேந்திக்குப் புரிந்தது. அவள் எறிந்த சொல் ஒரு நத்தையின் வாயில் விழுந்திருக்கிறது.

அவளும் கூடத் தேடினாள். ஒரு பெரிய நத்தையைக் கையில் எடுத்துக் கெஞ்சிக் கேட்டாள். "உங்கள்ள யார் வாயிலப்பா விழுந்துச்சு?"

நத்தை மூடியை லேசாகத் திறந்தது. "அதை முழுங்கினவனுக்கே தெரியாதும்மா. வாயில எது விழுந்தாலும் உடனே கதவைச் சாத்திடறது எங்க வழக்கம். உள்ள இருக்கறது சேறா சொல்லான்னு நாங்க பார்க்கறதில்லை." சொல்லிவிட்டு மறுபடியும் சாத்திக்கொண்டது.

ஏரியில் எத்தனை நத்தை இருக்கும்? அவளும் நாரையும் விடியலிலிருந்து தேடுவார்கள். அவள் விரல் நகமெல்லாம் பிய்ந்தது. இப்படியே பல நாள். ஒருபக்கம் கிடைத்துவிட வேண்டும் என்று தேடினாள், ஒவ்வொரு நத்தையும் வெறுமையாக இருக்கும்போது உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் வந்தது. அந்த நிம்மதிக்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அப்படித் தேடிவிட்டுத் திரும்பிய ஒரு சாயங்காலம் வானம் கறுத்துக்கொண்டு வந்தது. திடீரென்று காற்று கிளம்பியது. வாசலில் காயப்போட்டிருந்த கோரையெல்லாம் பறக்க ஆரம்பித்தது. சேந்தி ஈரப் புடவையோடு ஓடி ஓடிப் பொறுக்கினாள். ஒரு கட்டை அமுக்கினால் இன்னொரு கட்டு பறந்தது. அந்த நேரம் பார்த்து, துறையில் தோணி கயிறு நழுவி ஆடிக்கொண்டு நகர்வது ஓரக்கண்ணில் பட்டது. உடம்பெல்லாம் வலி, பசி, எரிச்சல். வாயில் தன்பாட்டுக்கு வந்துவிட்டது.

"இந்தாய்யா, தோணி அவுந்துக்கிட்டுப் போவுது. கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கியே, போயி இழுத்துக் கட்டிட்டு வாயேன்."

"ஐயையோ, ஆமா" என்றான் வலங்கன்.

முட்டி சொடக்கென்று சத்தம் போட எழுந்தான். எழும்போது அந்த முட்டி எப்போதும் அப்படித்தான் சத்தம் போடும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டான். படியிறங்கும்போது கேட்டான், "வேற ஏதாவது வேணுமா புள்ள?"

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையிலும் கோரை, முழங்காலுக்குக் கீழேயும் கோரை. "ஒண்ணும் வேணாம். மழை வர்றதுக்குள்ள வந்து சேரு."

"இதோ வந்துட்டேன்" என்றான். போகும்போது தனக்குத்தானே ஏதோ நினைத்துச் சிரித்தது போலவும் கேட்டது.

கோரையை அள்ளி உள்ளே போட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. யாரிடம் பேசினோம், யார் பதில் சொன்னது? தூணடியில் பாய் மட்டும் கிடந்தது. துறைக்கு ஓடினாள். மழை இறங்கிவிட்டது. தோணி கரையோடு கரையாக, அவன் போடும் இரட்டை முடிச்சுப் போட்டு இறுக்கிக் கட்டியிருந்தது. முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள். அவனைக் காணோம். மேற்கே தண்ணீர் மேல் மழை நடந்துகொண்டிருந்தது, அதற்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

"ஒண்ணும் வேணாம்னு சொல்லிட்டேனே" என்றாள் சத்தமாக. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். வேற ஏதாவது வேணுமா என்று கேட்டானே. முகத்தைக் காட்டிவிட்டுப் போ என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிஷம் நில் என்று சொல்லியிருக்கலாம். கோரையா முக்கியம்? நனைந்தால் மறுநாள் காய்ந்திருக்கும்.

மழை விட்டதும் வேம்பி வந்தாள். வெறும் தூணையும் வெறும் பாயையும் பார்த்தாள். "சொல்லு கிடைச்சிருச்சாக்கா?"

"கிடைக்கல."

"பின்ன அண்ணன் எங்க?"

சேந்திக்கு அதைச் சொல்ல வார்த்தை இல்லை. உண்மையாகவே இல்லை, அவள்தான் தூக்கி எறிந்துவிட்டாளே. நடந்ததைத்தான் சொல்ல முடிந்தது. "தோணியைக் கட்டப் போனாரு" என்றாள். கொஞ்சம் நிறுத்தி, "இன்னும் வரல" என்றாள்.

வேம்பி அவள் பக்கத்தில் ஈரத் தரையிலேயே உட்கார்ந்தாள். தன் தலைப்பால் சேந்தியின் நனைந்த தலையைத் துடைத்துவிட்டாள். பிறகு வேம்பி கேட்டாள். "சந்தோஷமா போனாரா?"

"துண்டை உதறிப் போட்டுக்கிட்டுப் போனாரு. இத்தனை நாளும் உட்காரு உட்காருன்னே சொல்லிக்கிட்டிருந்தேன். ஒரு வேலை சொல்லியிருந்தா அன்னைக்கே எழுந்திருப்பாரு போல."

"நானும் அவளை உட்காருன்னுதான் சொல்றேன்" என்றாள் வேம்பி. "சின்னப் பொண்ணுக்கா அவ. நான் அவளை ஒரு வேலைக்கும் அனுப்பினதில்லை. கரையோரம் தண்ணி, பயம். தனியா அனுப்பு, தனியா அனுப்புன்னு உசிரோட இருந்தப்ப தினம் கேப்பா." அழுது முடித்துவிட்டு எழுந்து வீட்டுக்குப் போனாள்.

விளக்கு வைக்கும் நேரத்தில் வேம்பி வீட்டு வாசலிலிருந்து குரல் கேட்டது. "பொட்டு, அடுப்பு அணைஞ்சு போச்சு. சேந்தி பெரியம்மா வீட்டுல போயி நெருப்பு வாங்கிட்டு வா. நீயே தனியா போ. கொட்டாங்குச்சியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்க. வழியில வேடிக்கை பார்க்காம வா."

சேந்தி தன் வாசலில் நின்று பார்த்தாள். பொட்டு வந்தாள். மெல்ல வரவில்லை, துள்ளிக்கொண்டு வந்தாள். முன்பல் இல்லாத வாயெல்லாம் சிரிப்பு. "எங்கம்மா என்னையே அனுப்பிச்சாங்க" என்றாள்.

"வாடி கண்ணு" என்று சொல்லி சேந்தி அடுப்பிலிருந்து இரண்டு கங்கு எடுத்துக் கொட்டாங்குச்சியில் போட்டாள், கை சுடாமல் அடியில் ஈர இலை வைத்துக் கொடுத்தாள். இந்தத் தடவை அவசரப்படவில்லை. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். "பத்திரமா போயிட்டு வா" என்றாள்.

பொட்டு தலையை ஆட்டிவிட்டுப் படியிறங்கினாள். வேம்பி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கரையிறங்கி, கையில் இருந்த நெருப்பை ஊதிக்கொண்டே தண்ணீர் மேல் நடந்து போனாள். வெகுதூரம் வரை அந்தச் சிவப்புத் தெரிந்தது. தன் வாசலில் வேம்பியும் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு ஊர் முழுவதும் அதையே செய்தது. ஆளுக்கேற்ற வேலை பார்த்துச் சொன்னார்கள். சீட்டாட்டப் பைத்தியம் ஒருவர், ஆட்டத்துக்கு ஆள் குறைகிறது என்று சொன்னதும் எழுந்து ஓடினார். மருமகளோடு சண்டை போட்டே நாளைக் கழித்த ஒரு மாமியாருக்கு என்ன சொல்வதென்று மருமகள் ரொம்ப யோசித்தாள். கடைசியில், "எங்கம்மா உங்களைப் பத்தி என்னவோ பேசிக்கிட்டிருக்காங்களாம், போயி என்னன்னு கேளுங்க" என்றாள். அந்த அம்மா இடுப்பில் புடவையைச் சொருகிக்கொண்டு போன வேகத்தை ஊரே பார்த்தது. மருமகள் உள்ளே போய் அழுதாள். யாரை எந்த வேலைக்கு அனுப்பினார்களோ அதைத்தான் அவரைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் சொன்னார்கள். வேறு சொல்ல அவர்களிடம் வார்த்தை ஏது?

சேந்தி அதற்கப்புறமும் வெகுகாலம் இருந்தாள். பாய் முடைந்தாள். பொழுது சாய்ந்தால் கை வேலையை நிறுத்திவிட்டுத் துறையைப் பார்ப்பாள். இப்போது வெட்கப்படுவதில்லை. புருஷன் ஏரிக்குப் போயிருக்கிறான், பார்க்கிறாள், அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? அவனைப் பற்றி யாராவது கேட்டால், தோணி கட்டப் போனார், இன்னும் வரவில்லை என்பாள். இதோ வந்துட்டேன் என்றுதானே சொல்லிவிட்டுப் போனான்.

தலை முழுக்க நரைத்த பிறகு ஒரு மழைக்காலத்தில் சேந்திக்கும் மூச்சு நின்றது. எழுந்து வந்து தூணில் சாய்ந்து ஏரியைப் பார்த்து உட்கார்ந்தாள். அனுப்புவதற்கு அவளுக்குப் பிள்ளையா குட்டியா? வேம்பிதான் வந்தாள். அவளுக்கும் வயதாகியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, ஒருமுறை தன் மகளின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்ட அந்தக் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்ன வேலை சொல்வதென்று அவள் யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை.

"யக்கா, ஒரு தோணியைக் கட்ட இவ்வளவு நேரமா? அண்ணன் எங்க நின்னு யாருகிட்டக் கதை பேசிக்கிட்டிருக்காரோ. போயி என்னன்னு பார்த்துட்டு வா."

சேந்தி எழுந்த வேகத்தை வேம்பி எதிர்பார்க்கவில்லை. பாயைச் சுருட்டி வைக்கக்கூட நிற்காமல், செருப்பைத் தேடாமல், "அதானே, நானும் அதைத்தான் கேக்கலாம்னு இருந்தேன்" என்று சொல்லிக்கொண்டே கரையிறங்கிப் போய்விட்டாள்.

நாரை இன்னும் தன் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதன் குஞ்சுக்கு அலகு நேராகத்தான் இருக்கிறது, வளர்ந்து தேடக் கிளம்பும்போதுதான் வளைகிறது. குரல் மட்டும் திரும்பவில்லை. அல்லிவாரிக்கு நீங்கள் போனால், யாரையாவது பெயர் சொல்லிக் கேட்டால், மாடு தேடப் போனார் என்றோ பூப்பறிக்கப் போனாள் என்றோ சொல்லுவார்கள். வந்துவிடுவார் போலிருக்கிறதே என்று வாசலில் உட்கார்ந்து காத்திருந்த வெளியூர்க்காரர்கள் உண்டு. அவர்களுக்கும் சோறு போடுவார்கள். வலங்கன் தோணி கட்டப் போன அந்தச் சாயங்காலத்திலிருந்துதான், அந்த ஊரில் ஒருவரைப் பற்றியும் "இனி வரமாட்டார்" என்று சொல்வதில்லை. "இன்னும் வரவில்லை" என்றுதான் சொல்கிறார்கள்.